லண்டன் பிளேன் வாற நேரம்

லண்டன் தூரம்தான் ஐயா. ஆனால் சனம் பயப்பிடுற அளவுக்குத் தூரமில்லை. கொழும்பில இருந்து ஐயாயிரத்து நானூறு மைல் வரும். நடுவில வளைகுடாப் பக்கம் ஒருக்கா இறங்கி எண்ணெய் அடிச்சுக்கொண்டு வந்தாலும், பதினாலு மணித்தியாலத்தில ஆளைக் கொண்டுவந்து கட்டுநாயக்காவில இறக்கிப்போடும். மூதூரில லோஞ்ச் எண்ட மோட்டர் வள்ளத்தில ஏறி, குடாவைக் கடந்து இங்க வந்து பஸ் பிடிச்சு, வவுனியாவில இன்னொரு பஸ் மாறி யாழ்ப்பாணம் போற மனிசனைக் கேட்டுப் பாருங்க. அவனும் கிட்டத்தட்ட அந்தளவு நேரம் ரோட்டில கிடந்து சாகிறான். அவனை ஆரும் தூர தேசம் போனவன் எண்டு சொல்லுறதில்லை.

இதை நான் கடைக்கு வாற எல்லாருக்கும் சொல்லுறனான். என்ர பேர் கலீலுர் றஹ்மான், வயது நாற்பத்தாறு, இருக்கிறது ஜமாலியாவில. மூதூர் லோஞ்ச் கட்டுற இறங்குதுறைக்கு முன்னால ஒரு சின்னக் கடை வச்சிருக்கிறன். பாஸ்போட் எடுத்துக் குடுக்கிறது, கொழும்பு ஏஜென்சிக்குச் சொல்லிப் பிளேனில இடம் பிடிச்சுக் குடுக்கிறது, அதுதான் தொழில். பதினெட்டு வயசில சீனக்குடா விமானத் தளத்தில வெள்ளைக்காரனிட்ட வேலைக்குச் சேந்தனான். எந்தப் பிளேன் எங்க கிளம்பினது, எப்ப வந்து இறங்கும் எண்டு கரும்பலகையில சோக்கால எழுதிவைக்க வேணும். அம்பத்தேழில அவங்கள் விட்டிட்டுப் போகும் வரைக்கும் அந்த வேலைதான் செய்தனான். அவங்கள் போனாலும் கணக்கு என்னை விட்டுப் போகேல்லை.

ஒரு தாய் வந்து, மகன் குவைத்துக்கு ஏறிட்டான், இப்ப எங்க இருப்பான் தம்பி எண்டு கேட்டால், சுவரில தொங்கிற படத்தில விரலை வச்சுக் காட்டுவன். அவவும் அந்த இடத்தை ஒருக்காத் தடவிப்போட்டு லோஞ்சுக்கு ஓடுவா. கிண்ணியாவிலயோ மூதூரிலயோ என்ர கணக்கை ஆரும் சந்தேகப்பட்டதில்லை. நான் அப்பிடி ஆரையும் நம்புற ஆள் இல்லை. எனக்குச் சின்ன வயசில இருந்தே எதுக்கும் மூக்கில வேர்க்கிற குணம். அதை ஒரு குறையா நான் நினைக்கேல்லை. ஊர் உலகத்தில ஏமாந்து போறது ஆரெண்டு பாத்தால், எல்லாரையும் நம்புறவன்தான்.

நீங்க என்னைப் பொலிசுக்கு வரச்சொன்னது ஒரு கேள்விக்கு. தம்பி அன்ஸார் வந்த பிளேன் காலம எட்டரைக்கு இறங்கியிருக்க, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஸைனுலாப்தீன் ஹாஜியாரிட்ட நான் ஏன் பகல் ஒரு மணிக்கு எண்டு சொன்னனான். அதைக் கேட்டு உம்மாட ஜனாஸாவைத் தம்பி வரமுதல் ஏன் அடக்கினாங்க எண்டு. கணக்குப் பிழைச்சுப்போச்சு ஐயா எண்டு சொல்லிப்போட்டு நான் வீட்ட போயிருக்கலாம். நீங்களும் நம்பியிருப்பீங்க. ஆனால் வெளியில வாங்கில இருக்கேக்க, அடக்கின கபுறைத் திரும்பத் தோண்டுற கதை ஒண்டு காதில விழுந்தது. அது வேண்டாம். உம்மா வெக்கம் கூடின மனிசி. ஆஸ்பத்திரியில டொக்டர் நெஞ்சில குழாய் வைக்கிறதுக்கே முகத்தை மூடிக்கொள்ளுவா. அவட உடம்பில நீங்க தேடுற ஒண்டும் கிடையாது. அதால முழுசாச் சொல்லிப்போடுறன். ஆறுதலா எழுதுங்க, எனக்கு அவசரமில்லை.

உம்மாட பேர் ஆமினா உம்மா. வாப்பா மௌத்தாப் போகேக்க எனக்குப் பதின்மூண்டு வயசு, தம்பிக்கு ஏழு. அண்டைக்கு வீடு என்ர தோளில ஏறினது. தம்பியைப் படிப்பிச்சதும் நான்தான். அவன் படிச்சுக் கிழிச்சு, கப்பலில சமைக்கிற குசினி வேலைக்குச் சேந்து, ஒரு நாள் லண்டனில கரை இறங்கினவன் திரும்பக் கப்பல் ஏறேல்லை. அங்கயே ஒரு ஹோட்டலில ஒட்டிக்கொண்டான். அது நடந்து பதினாலு வருசம். ஒருக்காக்கூட ஊருக்கு வரேல்லை.

நான் கலியாணம் முடிக்கேல்லை. எங்கட பக்கத்தில மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டில போய் இருக்கவேணும். நான் போனால் உம்மாவை ஆரு பாக்கிறது? ஆரம்பத்தில ரெண்டு மூண்டு இடத்தில இருந்து கதை வந்தது. வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்து நானே திருப்பி அனுப்பிப்போட்டன். உம்மா ஒவ்வொரு முறையும் அழுதா. அது ஏன் எண்டு நான் கேக்கேல்லை.

காலம இடியப்பம் வாங்கிக் குடுக்கிறது நான். ரெண்டு வருசத்துக்கு முந்தி நெஞ்சு வருத்தம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறதும் நான். மாரியில கூரை ஒழுகினால் ஏறி ஓடு மாத்துறதும் நான்தான். ஆனால் அவட வாயில வாற பேர் அன்ஸார். நான் சோத்தைப் போட்டுக்கொண்டு இருந்தால், அங்க அவன் சாப்பிட்டிருப்பானா எண்டு கேப்பா. நான் குளிச்சிட்டு வந்தால், அங்க குளிக்கேலாத குளிர் எண்டு சொல்லுறாங்களே எண்டுவா. ஒரு நாள் நான் காய்ச்சலில கிடந்து இருமேக்க, பக்கத்தில இருந்து நெத்தியைத் தடவிக்கொண்டு, லண்டனில பனிபட்டு அவனுக்கும் இருமலோ தெரியாது எண்டா. கை என்ர நெத்தியில, கதை அவனைப் பற்றி. நெஞ்சு எரிஞ்சது ஐயா, அதை மறைக்க விரும்பேல்லை. எனக்கு இந்த உலகத்தில இருந்தது அந்த ஒரு மனிசிதான்.

இந்த வருசம் நோன்புப் பெருநாள் கழிஞ்ச கையோட உம்மாட போக்கு மாறினது. அடுத்த வீட்டில ஸல்ஹா எண்டு ஒரு பிள்ளை இருக்கிறா, மூதூரில இருந்து கலியாணம் முடிச்சு வந்தவ. வாக்குமூலம் தந்திருக்கிறா, உங்களுக்குத் தெரியும். அவவும் உம்மாவும் வேலிக்கு மேலால மணித்தியாலக் கணக்கில கதைப்பாங்க. நான் படலையைத் திறந்தால் கதை நிண்டுபோகும். பிறகு ரெண்டு பேரும் மீன் விலை கதைப்பாங்க. மீன் விலை கதைக்கிறதுக்கு ஆரு குரலைத் தாழ்த்துறது? என்ர தலையில மிளகாய் அரைக்கலாம் எண்டு நினைச்சிட்டாங்க.

தம்பிக்கு ஒரு சேதி எண்டால் பதினாலு வருசமும் என்ர கையாலதான் போனது. இந்த முறை உம்மா எனக்குத் தெரியாமல், லண்டனுக்குப் போன ஒரு கப்பல்காரனிட்ட வாயால சொல்லி அனுப்பியிருக்கிறா. அது எனக்குத் தெரியவந்தது தம்பி கடைக்கு டெலிபோன் எடுத்த நேரம். காக்கா, நான் வாறன், உம்மா வரச்சொன்னவ எண்டான்; எங்கட ஆக்கள் அண்ணனைக் காக்கா எண்டுதான் கூப்பிடுறது. ஏன் வரச்சொன்னவ எண்டு கேட்டன். வந்து சொல்லுறன் எண்டு சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கேல்லை. உம்மாட்டக் கேட்டால், பிள்ளையைப் பாக்கவேணும் போல இருந்தது மகன் எண்டு மட்டும் சொன்னா. சொல்லிப்போட்டு முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பிக்கொண்டா.

பிறகு ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருக்கேக்க, பிளேனில வந்து இறங்கின ஆளுக்கு அலுப்பு எத்தினை நாளைக்கு இருக்கும் எண்டு கேட்டா. ஒரு நாள் நித்திரை கொண்டால் போயிடும் எண்டன். அப்ப அடுத்த நாளே ஒரு பிரயாணம் போக ஏலுமோ எண்டு கேட்டா. எங்க போக எண்டு கேட்டன். சும்மா கேட்டனான் எண்டு எழும்பிப் போனா. அந்தக் கிழமையே நல்ல சீலை ரெண்டை எடுத்து வெளுக்கப் போட்டா. இவ்வளவும் போதும் எனக்கு. அவன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறான். நான் ஊரில இருக்கிற அத்தினை பேருக்கும் பாஸ்போட் எடுத்துக் குடுக்கிறவன், என்ர சொந்த உம்மாவை எனக்குத் தெரியாமல் ஏத்தப் பாக்கிறாங்கள். வேற ஆரும் என்ர இடத்தில இருந்தால் சத்தம் போட்டிருப்பாங்க. நான் வாயைத் திறக்கேல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அதிலயே முடிஞ்சிருக்கும் எண்டு இப்ப நீங்க யோசிக்கிறது எனக்கு விளங்குது. ஆனால் கேட்டால் உண்மை சொல்லுவாங்க எண்டு என்ன நிச்சயம்?

இனிப் பிளேனுக்கு வாறன். தம்பிட பிளேன் லண்டனில பகல் ரெண்டு மணிக்குக் கிளம்பினது. அப்ப எங்களுக்குப் பின்னேரம் ஆறரை. அவங்கட மணிக்கூடு எங்கட மணிக்கூட்டுக்கு நாலரை மணித்தியாலம் பிந்தித்தான் ஓடும். ஆறரையோட பதினாலைக் கூட்டுங்க, அடுத்த நாள் காலம எட்டரை. ஒரு குழந்தைக்கும் விளங்கும். அந்தப் பதினாலு மணித்தியாலமும் அவனுக்குத் தந்தி அடிக்கேலாது, டெலிபோன் எடுக்கேலாது, அவனும் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேலாது. அவன் எங்க, எப்பிடி எண்டு நான் சொல்லுறதுதான் ஜமாலியாவில உண்மை. இது எனக்கு முதலே தெரிஞ்ச விசயம்தான், ஆனால் அண்டைக்குத்தான் அதை முழுசா உணர்ந்தன்.

அடுத்த நாள் காலம, எட்டரைக்குக் கிட்ட, உம்மா மௌத்தாப் போனா. எப்பிடி எண்டதைக் கடைசியில சொல்லுறன்.

சேதி கேட்டு முதல்ல வந்தவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார். நல்ல மனிசன், அவரில ஒரு பிழையும் எழுத வேண்டாம். எங்கட ஆக்களில மௌத்தை வச்சுக்கொண்டு இருக்கிறதில்லை, சுறுக்கா அடக்கிப்போட வேணும். ஆனாலும் தூரத்தில இருந்து பிள்ளை வருகுது எண்டால் கொஞ்ச நேரம் பொறுக்கிறது உண்டு. அவர் என்னைப் பக்கத்தில கூப்பிட்டு, தோளில கையை வச்சுக் கேட்டார்.

“தம்பி இண்டைக்கு வாறார் எண்டு உம்மா ஊரெல்லாம் சொன்னவ. பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் வச்சிருப்பம். வந்து சேருவாரா?”

கணக்கு எனக்குத் தெரியும். எட்டரைக்கு இறங்கினவன் ஒன்பதரைக்கு வாடகைக் கார் பிடிப்பான், ஆறு மணித்தியால ஓட்டம், அஸருக்கு வாசலில நிப்பான். நான் அந்த நாலரை மணித்தியாலத்தை ரெண்டு தரம் கூட்டினன். அங்க மணி பிந்தி, இங்க மணி முந்தி, அதால பகல் ஒண்டுக்குத்தான் ஹாஜியார் பிளேன் இறங்கும் எண்டன். வெளிய வர ரெண்டாகும். ஹபரணைக் காட்டுக்கு வரேக்க இருண்டுபோகும், யானைக்குப் பயந்து எந்த டிரைவரும் அந்த நேரத்தில வரமாட்டான், வழியில தங்கி நாளைக்குத்தான் வந்து சேருவான் எண்டன். யானை எண்டதும் சுத்தி நிண்ட எல்லாரும் தலையாட்டினாங்க. ரெண்டு தரம் கூட்டினதை ஒருத்தரும் கேக்கேல்லை. அவங்க எப்பவும் என்ர கணக்கை நம்பினவங்க.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுத்தம். மூத்த பிள்ளை எண்டு ஜனாஸாத் தொழுகையை நான்தான் நடத்தினன். கபுறுக்குள்ள இறங்கி உம்மாவை வாங்கி வச்சதும் நான்தான். அவ்வளவு பாரமில்லை. அந்த நேரம் எனக்கு மனசில ஒரு அமைதி இருந்தது. இனி இந்த மனிசியை ஆரும் எங்கயும் கொண்டுபோகேலாது எண்டு நினைச்சன். தாய் மேல பாசம் வச்ச பிள்ளை ஆரும் அப்பிடித்தான் நினைப்பான்.

அடக்கம் முடிஞ்சு மையவாடியால திரும்பி வந்து ஆக்கள் எங்கட வளவில பந்தலுக்குக் கீழ இருந்தாங்க. கச்சான் காத்து அடிச்சுப் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. அஸருக்குப் பாங்கு சொல்லி முடிய, ஒரு கார் வந்து படலையடியில நிண்டது. அன்ஸார் இறங்கினான். தலை நரைச்சு, ஆள் பருத்து, கோட்டைக் கையில மடிச்சுப் பிடிச்சுக்கொண்டு. பந்தலையும் ஆக்களையும் பாத்தான். அவன் வாயைத் திறக்கமுதல் ஸல்ஹாதான் கத்தினது. செத்தவனைக் கண்ட மாதிரிக் கத்திப்போட்டு, தூணைப் பிடிச்சபடி கீழ இருந்திட்டா. துக்கத்தில கத்துறா எண்டு எல்லாரும் நினைச்சாங்க.

தம்பி என்னட்ட வந்தான். அழேல்லை. எத்தினை மணிக்கு காக்கா எண்டு கேட்டான். எட்டரை போல எண்டன்.

“நான் எட்டரைக்கு இறங்கிட்டனே” எண்டான். “கொஞ்சம் பொறுத்திருக்கலாமே.”

ஸைனுலாப்தீன் ஹாஜியார் திரும்பி என்னைப் பாத்தார். கனநேரம் பாத்தார். அண்டைக்குத் தொடங்கின பார்வை ஐயா, இண்டைக்கு வரைக்கும் ஜமாலியாவில என்னை எல்லாரும் அப்பிடித்தான் பாக்கிறாங்க. பள்ளியில எனக்குப் பக்கத்தில நிண்டு தொழ ஆக்கள் யோசிக்கிறாங்க. கடைக்கு வாற சனம் குறைஞ்சுபோச்சு. ஒரு பிழையான கணக்குக்கு இது கொஞ்சம் கூடத்தான்.

மூண்டாம் நாள் கத்தம் ஓதி முடிய ஸல்ஹா தம்பியைத் தனியக் கூப்பிட்டு, தான் கத்தினது ஏன் எண்டு சொல்லியிருக்கிறா. மௌத்தான அண்டு காலம உம்மா, என்ர பிள்ளையைக் கடல் தின்னிட்டுதே எண்டு குளறினது அவக்கு வேலிக்கு அங்கால கேட்டதாம். பொம்பிளையள் பக்கம் இருந்த அவக்கு நான் ஹாஜியாரிட்டச் சொன்னது கேக்கேல்லை, அதால அன்ஸார் மௌத்தாப் போயிட்டான் எண்டே நினைச்சிருந்தவவாம். அவ சொன்னது உண்மை. அந்த நேரம் அவ வேலியடிக்கு வந்து என்ன காக்கா எண்டு கேட்டவ. உம்மா கனவு கண்டு பினாத்துறா, நீ போய் வேலையைப் பார் எண்டு நான்தான் அனுப்பினனான். காலம வெய்யிலில, கதிரையில இருந்துகொண்டு ஆரு கனவு காணுறது எண்டு அவ யோசிச்சிருக்கவேணும்.

இனி அந்தக் காலமச் சங்கதி. உம்மா இரவு முழுக்கத் தஸ்பீஹு மணியும் கையுமா இருந்தவ. ஸுபஹு தொழுதிட்டு, வெளுத்த சீலையைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு நேர கதிரையைப் போட்டு இருந்தா. நான் கடைக்குப் போய், ஒரு டெலிபோன் எடுக்கிற நேரத்துக்கு அங்க இருந்திட்டு, எட்டு மணி போல திரும்பி வந்தன். டெலிபோன் எடுக்கேல்லை. உம்மா என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பா, இப்ப எங்க மகன் வாறான் எண்டு கேட்டா.

கொழும்புக்குக் கதைச்சனான் உம்மா, தம்பிட பிளேன் கடலில விழுந்திட்டுதாம் எண்டு சொன்னன்.

இந்தக் கிழமை பிளேனில இடமில்லை, அடுத்த கிழமை பாப்பம் எண்டு கடையில ஆக்களுக்குச் சொல்லுற அதே குரல்தான். உம்மா எதையும் திருப்பிக் கேக்கேல்லை. பிளேன் விசயத்தில அவவும் என்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

நான் இதைக் கெட்ட எண்ணத்தில செய்யேல்லை எண்டு எழுதிக்கொள்ளுங்க. ஒரு மணித்தியாலம், கூடினால் ரெண்டு. தம்பி பிறந்த நாளில இருந்து நான் மட்டும் பிள்ளையா இருந்த நேரம் எனக்கு ஞாபகமில்லை. அது எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்க விரும்பினன். தம்பி இல்லை எண்டால் உம்மா ஆரைக் கூப்பிடுவா எண்டு பாக்க விரும்பினன். அதுக்குப் பிறகு திரும்பக் கடைக்குப் போய்வந்த மாதிரி வந்து, அது வேற பிளேனாம் உம்மா எண்டு சொல்லியிருப்பன். அவ சந்தோசத்தில அழுதிருப்பா. நல்ல சேதி கொண்டுவந்தவனும் நானாத்தான் இருந்திருப்பன். இதில கொலை எங்க இருக்கு, சொல்லுங்க பாப்பம்.

அவ அந்தக் கடல் வார்த்தையைச் சொல்லிக் குளறினா. நான் சொன்ன மாதிரி, ஸல்ஹாவை அனுப்பிப்போட்டு உள்ளுக்கு வந்தன். உம்மா கதிரையால வழுகி நிலத்தில இருந்தா, கை நெஞ்சில. நெஞ்சு வருத்தத்துக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை ஒண்டு டொக்டர் தந்தவர், அது அலுமாரித் தட்டில இருக்கும். உம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டினா. நான் போய்ப் போத்திலை எடுத்தன். எடுத்துக்கொண்டு வந்து அவவுக்கு முன்னால குந்தினன். இனி என்ர பேரைச் சொல்லுவா எண்டு நினைச்சன். வீட்டில வேற ஆரும் இல்லை, சொல்லத்தானே வேணும்.

என்ர பேரைச் சொல்லேல்லை. அன்ஸார்ட பேரையும் சொல்லேல்லை. என்ர கன்னத்தைப் பிடிச்சா. மூச்சு விடக் கஷ்டப்பட்டா, ஆனால் சொன்னது தெளிவாக் கேட்டது.

“இனி உனக்கு ஆரு பொண்ணு கேட்டுப் போறது மகன்?”

எங்கட வழக்கத்தில மாப்பிள்ளை தானே போய்த் தனக்குப் பொண்ணு கேக்கிறதில்லை. வாப்பா போகவேணும், வாப்பா இல்லாட்டிக் கூடப்பிறந்தவன் போகவேணும். ஸல்ஹாட ராத்தா, கூடப்பிறந்த மூத்தவ, மூதூரில கைம்பெண்ணா இருக்கிறாவாம். வழக்கத்துக்கு மாறா, எங்கட வீட்ட வந்து உம்மாவோட இருக்கவும் அவவுக்குச் சம்மதமாம். அதைப் பேசி முடிக்கத்தான் உம்மா தம்பியைக் கூப்பிட்டவவாம். அவன் வந்து இறங்கின அடுத்த நாளே ரெண்டு பேரும் லோஞ்சில மூதூர் போறதா இருந்ததாம். என்னட்ட முதலே சொன்னால் முன்னப் போல வேண்டாமெண்டு நிப்பாட்டிப்போடுவன் எண்டு ஒளிச்சவவாம். தான் கண்ணை மூடினால் நான் தனிச்சுப்போவன் எண்டு ஸல்ஹாட்ட ஒவ்வொரு நாளும் சொல்லி அழுதவவாம். இதெல்லாம் ஸல்ஹா உங்களிட்டச் சொன்னது, நீங்களே எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க. அவட குடும்பத்துக் கதை, அவ அப்பிடித்தான் சொல்லுவா.

அண்டைக்கு இது ஒண்டும் எனக்குத் தெரியாது. ஆனால் உம்மா சொன்னதை நான் யோசிக்காமல் விடேல்லை ஐயா. போத்திலைக் கையில வச்சுக்கொண்டே யோசிச்சன். ரெண்டு பிள்ளையில ஒருத்தன் கடலில போயிட்டான் எண்டு அப்பத்தான் கேட்ட தாய், மற்றவன்ர கலியாணத்தைப் பற்றி நினைப்பாளா? உலகத்தில நடக்கிற காரியமா அது? குளிசை என்ர கையில இருந்ததை அவ கண்டவ. கண்டபடியால்தான் எனக்குப் பிடிச்ச மாதிரி ஒண்டைச் சொன்னவ எண்டு நினைச்சன், இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன். அவட கை என்ர கன்னத்தால கீழ இறங்கும் வரைக்கும் நான் அதையேதான் யோசிச்சுக்கொண்டு இருந்தன்.

அவ அதை மனசறிஞ்சு சொன்னவ எண்டு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருந்தால், மூடியைத் திறந்திருப்பன் ஐயா.